ஏர் பில்டரின் கடைசிப் பத்தி

புதிதாக நிருபர் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். புயல், தேர்தல், மந்திரி வருகை. ஓய்வு பெற்ற நிருபர்கள் அதைத்தான் சொல்வார்கள். எல்லாப் புயலிலும் அவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றிருப்பார்கள்; எல்லா மந்திரியும் அவர்கள் கேட்ட கேள்விக்குத் திணறியிருப்பார். எனக்கு அந்த பாக்கியம் இல்லை. நான் சொல்லப்போவது மோட்டார் சைக்கிளின் ஏர் பில்டரைப் பற்றி.

தூத்துக்குடி அலுவலகத்தில் நான் தலைமை நிருபராக இருந்தபோது, நம் பத்திரிகை மனிதர்களுக்கு நேரடியாகச் செய்த கேடுகளில் பெரியது, ஞாயிறு இணைப்பில் கால் பக்கம் வந்த ஒரு குறிப்பு. மந்திரியைத் திட்டி எழுதினால் மந்திரிக்கு ஒன்றும் ஆவதில்லை. பில்டரைப் பற்றித் தப்பாக எழுதினால் மறுநாள் காலையில் வண்டி கிளம்பாது.

இணைப்பில் ‘நீங்களே செய்யலாம்’ என்று ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகப் பொறுப்பாசிரியரின் யோசனை. வாசகருக்குப் பயன்படும்படி ஏதாவது போட வேண்டும் என்று தலைமை அலுவலகக் கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். அப்படியானால் அதுவரை போட்டதெல்லாம் என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது வந்தது. மிக்சி ஜாருக்கு பிளேடு மாற்றுவது வந்தது. எழுதியவர்கள் குழாயையும் மிக்சியையும் தொட்டதில்லை. வீடியோ பார்த்து எழுதினார்கள். வீடியோ எடுத்தவர் எதைப் பார்த்து எடுத்தாரோ.

ஏர் பில்டர் செல்வினுக்கு விழுந்தது. செல்வின் சாயர்புரத்துக்காரன், தகுதிகாண் காலத்தின் கடைசியில் இருந்தான். அவனை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பொறுப்பாசிரியர் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டிய வாரம் அது. அவனுக்கு முன்னால் வந்த இருவரை அவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஒருவனை வேலை தெரியாததற்காக. இன்னொருவனை வேலை தெரிந்ததற்காக.

விஷயம் நல்ல விஷயம்தான். துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகள். அதைத் தாண்டினால் உப்பளக் காற்று. ஆடி மாதம் வெள்ளைச் சட்டை போட்டுப் போகிறவன் வேறு நிறத்தில் வீடு திரும்புவான். வண்டியும் அதே காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. தூசி இன்ஜினுக்குள் போகாமல் தடுப்பது ஏர் பில்டர். அது அடைத்துக்கொண்டால் வண்டி திணறும், பெட்ரோல் குடிக்கும். அதை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி என்று சொன்னால் இந்த ஊரில் படிக்காதவன் இருக்க மாட்டான்.

செல்வினிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவான். தான் குடியிருந்த வீட்டு வாசலில், அப்பா கொடுத்த பழைய வண்டியை நிறுத்திக்கொண்டு என்னையும் கூப்பிட்டான். நான் போனது உதவிக்கு அல்ல, வேடிக்கை பார்க்க. அதுவரை அவன் வண்டியில் திறந்திருந்தது பெட்ரோல் டேங்க் மூடி மட்டும்.

முதலில் ஒரு பக்க மூடியைக் கழற்றினான். உள்ளே பேட்டரி இருந்தது.

“சார், இந்த வண்டில பில்டரே இல்ல சார். எங்கப்பா வித்துட்டாங்களோ?”

“அந்தப் பக்கம் பாருல.”

அந்தப் பக்கம் இருந்தது. ஸ்க்ரூக்களைக் கழற்றித் தரையில் வைத்தான்; பிறகு தானே அவற்றை மிதித்து, தானே தேடினான். உள்ளே இருந்தது ஸ்பாஞ்ச் பில்டர். கறுத்துப் போயிருந்தது. சோப்புத் தண்ணீரில் போட்டு அமுக்கி அமுக்கி எடுத்தான். முறுக்கினால் கிழியும் என்பதால் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பிழிந்தான். நிழலில் நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் இன்ஜின் ஆயில் தடவி, மிச்ச ஆயிலைப் பிழிந்துவிட்டு மாட்டினான். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. கையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது.

“இது எங்கனயிருந்து சார் வந்துச்சு?”

“வானத்துல இருந்தா வரும்? திரும்பக் கழத்து.”

அடுத்ததாக, அவனுடன் தங்கியிருந்த நண்பனின் புது வண்டியைத் திறந்தான். நான் அனுபவசாலியைப் போல சோப்பு வாளியை அவன் பக்கம் தள்ளினேன். அவன் பில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சார், இது காயிதம்.”

வாழ்நாள் முழுக்கக் காகிதத்தில் சோறு தின்றவன் நான். எனக்குத் தெரியவில்லை. விசிறி மடிப்பு மடிப்பாகக் காகிதம். அவன் உதிரிபாகக் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான். காகித பில்டரில் தண்ணீரும் படக் கூடாது, எண்ணெயும் படக் கூடாது. லேசாகத் தட்டித் தூசியை உதிர்க்கலாம். அதற்கும் மேல் அழுக்கு இருந்தால் புதிது வாங்கி மாட்ட வேண்டியதுதான். இப்போது ஓடும் வண்டிகளில் நிறைய காகிதம்தான்.

அவன் எழுதிக் கொண்டுவந்த குறிப்பு சுத்தமாக இருந்தது. முதலில் ஸ்பாஞ்ச், படிப்படியாக. கடைசிப் பத்தியில் காகிதம்: ‘உங்கள் வண்டியில் இருப்பது காகித பில்டரா என்று முதலில் பாருங்கள், அப்படியானால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள்.’ முதலில் பார்க்க வேண்டியதைக் கடைசியில் ஏன் வைத்தாய் என்று கேட்டேன்.

“முத்தாய்ப்பா இருக்கும்லா சார். படிச்சுட்டு எல்லாரும் பதறிப் போய் மூடியத் தொறந்து பாப்பாங்க.”

எழுத்தாளன் பேசுகிறான் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தேன்.

இனி டெஸ்க், அதாவது நிருபர்கள் எழுதியதைத் திருத்திப் பக்கத்தில் அடக்கும் இடம். அங்கே நாசரேத்துக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நான் தொழில் கற்றது அவரிடம். அதாவது, நான் எழுதியதை அவர் வெட்டுவார். மிஞ்சியது என்ன என்று மறுநாள் பேப்பரில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்: முக்கியமானது முதல் பத்தியில் இருக்க வேண்டும், போகப் போக முக்கியம் குறைய வேண்டும். இடம் போதாவிட்டால் வாலில் இருந்து வெட்டிக்கொண்டே வரலாம். கை பழகியவர் படிக்காமலே வெட்டலாம். தீ விபத்துச் செய்திக்கு இது சரி. ஒரு காரியத்தைச் செய்வது எப்படி என்று எழுதும்போது சரி இல்லை. அதில் ஆபத்தான விஷயம் பெரும்பாலும் வாலில்தான் உட்கார்ந்திருக்கும். இது எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை. எல்லோரும் அனுபவசாலிகள்.

சனிக்கிழமை மாலை அதே பக்கத்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. ஊரில் பெரிய குடும்பம் ஒன்றின் முதலாம் ஆண்டு கண்ணீர் அஞ்சலி. மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், வெளிநாட்டில் இருக்கும் மருமகன் வரை பெயர்கள். அங்கே ஒரு பெயரையும் வெட்ட முடியாது. ஆகவே அண்ணாச்சியின் கையில் செல்வினின் கடைசிப் பத்தி போயிற்று; நடுவில் ‘இன்ஜின் ஆயில்’ வெறும் ‘எண்ணெய்’ ஆயிற்று. தலைப்பும் மாறியது: ‘ஏர் பில்டரைக் கழுவுங்க... வண்டி பறக்கும் பாருங்க!’ படத்துக்கு சோப்பு நுரைக்குள் ஒரு கை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கறி வேகும்வரை செய்வதற்கு வேலை இல்லாத ஆண்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களுக்கு நாங்கள் வேலை கொடுத்தோம்.

திங்கட்கிழமை நான் அலுவலகத்துக்குப் போனபோது வரவேற்பறை மேசையில் ஒரு மீன் பெட்டி இருந்தது. ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் சூசை நின்றார். காலையில் கரையில் மீன் ஏலம் எடுத்து, வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டை வழியாக சாயர்புரம் வரை தெருத்தெருவாக விற்கிறவர். புதுக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் வண்டி புகைவிட்டு நின்றுவிட்டது. வண்டியை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு, பெட்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி நேராக இங்கே வந்திருக்கிறார்.

“யாரு இங்க பெரியாளு?”

“பெரியவர் இன்னும் வரல. என்கிட்ட சொல்லுங்க.”

அவர் ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்து காட்டினார். உள்ளே அவருடைய பில்டர். காகித மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, நமத்துப்போன அப்பளம் மாதிரி இருந்தது.

“நீங்க சொன்ன மாதிரியே கழுவினேன். நீங்க சொன்ன மாதிரியே பிழிஞ்சேன். எண்ணெயும் போட்டேன். வண்டி பறக்கும்னு போட்டிருக்கீய. பறக்க வேண்டாம், உருண்டாப் போதும்யா. அதுவும் இல்ல.”

“காயித பில்டரக் கழுவக் கூடாதே” என்று பின்னாலிருந்து செல்வின் சொல்லிவிட்டான்.

சூசை அவன் பக்கம் திரும்பினார். “ஏலே, அத இங்கன நின்னு சொல்லுத. பேப்பர்ல சொல்லுததுக்கென்ன?”

செல்வினிடம் அதற்குப் பதில் இருந்தது. அந்தப் பதில் உள்ளே டெஸ்க்கில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

உருகிக்கொண்டிருந்த மீனை நான் பார்த்தேன். அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இது யார் தப்பு என்பதைப் பேசி முடிக்கும்போது மீன் நாறியிருக்கும். நான் செல்வினிடம், “நீ இவர்கூடப் போய் புது பில்டர் வாங்கி மாட்டிவிட்டுட்டு வா” என்றேன். அவன் தன் வண்டியில் சூசையை ஏற்றிக்கொண்டு போனான். பெட்டியை என்ன செய்வது என்று கேட்டதற்கு சூசை, “வித்து வைங்க. ஊளி இருக்கு, சாளை இருக்கு. நேத்து நீங்க சொன்ன வேலைய நான் பாத்தேன்லா, இன்னைக்கு என் வேலைய நீங்க பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். விளம்பரப் பிரிவுக்காரர்கள் விற்றார்கள். அவர்கள் அவ்வளவு நேர்மையாக எதையும் விற்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பொறுப்பாசிரியர் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். விஷயத்தைக் கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, “பைலைன் யாருக்கு? யாரு பேர்ல வந்துச்சு?”

“செல்வினுக்கு.”

“அப்ப முடிஞ்சுது.”

பகலில் செல்வின் கையெல்லாம் கறுப்பாகத் திரும்பி வந்தான். வண்டி ஓடிவிட்டது, சூசை பெட்டியை எடுக்க வருகிறார் என்றான். கை கழுவக்கூட விடாமல் பொறுப்பாசிரியர் கூப்பிட்டார். என்னையும் அண்ணாச்சியையும் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். ‘காகித பில்டர் பற்றிய எச்சரிக்கையை எழுத மறந்துவிட்டேன், என் கவனக்குறைவை மன்னிக்க வேண்டுகிறேன்.’ செல்வின் கையெழுத்துப் போட்டால், அது அவனுடைய பணி நிரந்தரக் கோப்போடு சேர்ந்து தலைமை அலுவலகம் போகும். அதற்குப் பிறகு அவன் சாயர்புரம் போவான்.

“எழுதினேன் சார்” என்றான் செல்வின்.

“எழுதினது வரலையே தம்பி. பேப்பர்ல வராதது எழுதாத மாதிரிதான்.”

வெட்டியது யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பொறுப்பாசிரியருக்கும் தெரியும். அவர்தான் பக்கத்தைப் பார்த்து ஒப்பம் இட்டவர். வெட்டினவரை இழுத்தால் ஒப்பம் இட்டவரும் கூடவே வருவார். அண்ணாச்சி மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்த மனிதர். அந்த வயதில் மௌனம் எவ்வளவு வசதியானது என்பது உங்களுக்கு இப்போது புரியாது. பிறகு புரியும், அப்போது வெட்கப்படுவதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். ஒரு பெண்.

“தம்பி, எங்க வீட்டுக்காரரு அந்த பில்டரக் கழுவி எண்ணெ போட்டாரு.”

“ஐயோ, வண்டிய எடுக்க வேண்டாம்னு சொல்லுங்கம்மா.”

“அதில்லப்பா, என்ன எண்ணென்னு போடலியே. நல்லெண்ணெ ஊத்திட்டாரு. தேங்கா எண்ணெதான் ஊத்தணுமோ?”

உள்ளே வந்து சொன்னேன். “சார், கடிதம் இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை இணைப்ப யாரும் ஞாயித்துக்கிழமையே எடைக்குப் போடுறதில்ல. வாரம் முழுக்க வீட்ல கிடக்கும். இன்னும் எத்தன பேரு கழுவப் போறானோ. நாளைக்கு முதல் பக்கத்துல போட்டு நிறுத்தணும்.”

“முதல் பக்கத்துல பில்டரா? உள்ள திருத்தம் போட்டுக்கலாம்.” அவரே எழுதியும் காட்டினார். ‘ஞாயிறு இணைப்பில் வெளியான குறிப்பினைச் சில வாசகர்கள் வேறு விதமாகப் புரிந்துகொள்ள நேர்ந்திருப்பதாகத் தெரியவருவதால்...’ அந்த வாக்கியம் எங்கே முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. அதைப் படித்தால், கழுவாமல் விட்டவனும் எழுந்து போய்க் கழுவுவான்.

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. விளம்பர மேலாளர். கண்ணீர் அஞ்சலி கொடுத்த குடும்பத்தின் மூத்த மருமகன் தன் புது வண்டியின் பில்டரைக் கழுவிவிட்டாராம். தங்கள் வீட்டு அஞ்சலிக்குப் பக்கத்திலேயே வந்த குறிப்பு என்று நம்பிச் செய்தாராம். வாசகர் மீன் பெட்டியோடு வந்து நின்றபோது அசையாதவர், விளம்பரதாரர் பேசியதும் எழுந்து நின்றார்.

“முதல் பக்கம்” என்றார். “கட்டம் கட்டிப் போடுங்க. செல்வின், நீயே எழுது. நீதான கெடுத்த.”

செல்வின் கறுப்புக் கையோடு உட்கார்ந்து எழுதினான். ‘காகித ஏர் பில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள், எண்ணெய் விடாதீர்கள். கழுவியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். புது பில்டர் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் பில்டரை மட்டும்தான் கழுவலாம்.’ ஸ்பாஞ்ச் எது, காகிதம் எது என்று அடையாளம். எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு வரி: ‘இந்த எச்சரிக்கை நிருபர் எழுதியதில் இருந்தது, பக்கத்தில் இடம் போதாமல் நாங்கள் நீக்கிவிட்டோம்.’

நான் படித்துவிட்டுக் கேட்டேன். “ஒன் சங்கதியக் கடைசில வச்சிருக்கியேல. இன்னுமா ஒனக்கு வெளங்கல?”

“வண்டி நின்னு போயி நிக்கவனுக்கு என் சங்கதி எதுக்கு சார் முதல்ல?”

வேலை போகும் நேரத்தில் எது முதலில், எது கடைசியில் என்று சரியாக வைத்த ஒரு நிருபரை நான் பார்த்தது அப்போதுதான். நாற்காலி பத்திரமாக இருக்கும்போதே சரியாக வைக்கத் தெரியாதவர்களோடுதான் என் காலம் போயிற்று. நானும் அதில் அடக்கம்.

பொறுப்பாசிரியர் படித்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடைசி வரியில் விரல் வைத்தார். “வீட்டு விஷயத்த ஊருக்கு எதுக்குச் சொல்லணும்? இத எடுத்துருங்க.” அண்ணாச்சியிடம் தாளைக் கொடுத்தார். செல்வினிடம், “அந்தக் கடிதத்துல நாளைக்குக் காலைல கையெழுத்து வேணும்” என்றார். பிறகு ரோட்டரி சங்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போனார். அன்று அவர் பேசிய தலைப்பு சமுதாயத்தில் பத்திரிகைகளின் பொறுப்பு என்பதை நாங்களே மறுநாள் படத்துடன் வெளியிட்டோம்.

சாயங்காலம் முதல் பக்கம் தயாரானது. வடிவமைப்பாளர் கட்டத்தைத் திரையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டார். “அண்ணாச்சி, சார் கடைசி வரிய எடுக்கச் சொன்னாங்க. எடுத்துரட்டா?”

செல்வின் தன் இடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். பத்திரிகைக்காரர்கள் நாங்கள், உதவி செய்வதைவிடப் பார்ப்பது நன்றாக வரும்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் குனிந்தார். அந்தக் கட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அவர் முழுசாக ஒன்றைப் படிப்பதே அபூர்வம். பிறகு நிமிர்ந்தார்.

“இடம் இருக்கு” என்றார்.

அந்த மேசையில் இருந்து அந்த இரண்டு வார்த்தைகளை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. வடிவமைப்பாளர் திரும்பவும் கேட்டார், “சார் கேட்டா?”

“இடம் இருந்துச்சுன்னு சொல்லு. யாரு வச்சான்னு கேட்டா என் பேரச் சொல்லு.”

செவ்வாய்க்கிழமை காலை ஊர் முழுக்க அந்தக் கட்டத்தைப் படித்தது. பொறுப்பாசிரியரும் படித்தார். செல்வின் எழுத மறந்தான் என்று ஒரு கடிதத்தை இனி எங்கும் அனுப்ப முடியாது. எழுதினான், நாங்கள்தான் நீக்கினோம் என்று அவருடைய பத்திரிகையே முதல் பக்கத்தில் சொல்லிவிட்டது. அவர் அந்தத் தாளைக் கிழித்தார். பிறகு அண்ணாச்சியின் மேசைப் பக்கம் போய் வெகுநேரம் கத்தினார். தலைமை அலுவலகத்தில் இருந்து மூன்று பேருக்கும் கடிதம் வந்தது. செல்வினுக்கு வேலை நிரந்தரம். அண்ணாச்சிக்கு, மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டு. பொறுப்பாசிரியருக்கு, தவறை முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்ட துணிச்சலைப் பாராட்டி. அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

செல்வின் அண்ணாச்சியிடம் போய் நின்றான். “ரொம்ப நன்றி அண்ணாச்சி” என்றான்.

அண்ணாச்சி வேறு யாருடைய செய்தியையோ வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“நன்றி கெடக்கட்டும்ல. அடுத்த மட்டம் அபாயத்த முதல் பத்தில வை. கடைசில வச்சேன்னா திரும்பவும் வெட்டுவேன்.”